சனிக்கு ஒரு ஃபோகசர்

தொலைநோக்கியில் முக்கியமான உறுப்பு அதன் பெரிய கண்ணாடிதான் என்று படித்தவர்களிடையே கூட ஒரு நம்பிக்கை இருக்கிறது. இதை மறுக்கும் வருத்தமான கடமை எனக்கு வாய்த்திருக்கிறது. கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளுங்கள். முக்கியமான உறுப்பு ஒரு திருகுக்குமிழ். கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு வில்லையை உள்ளேயும் வெளியேயும் நகர்த்தி, மங்கலாகத் தெரிவதைத் தெளிவாக்கும் குழாயும் அதன் குமிழும் சேர்ந்ததற்கு ஃபோகசர் என்று பெயர். அது சரியில்லை என்றால் தொலைநோக்கியில் துணி காயப்போடலாம்.

எங்கள் தொழிலில் ஒரு பொருளைப் பார்த்ததும் அதன் பயன் நினைவுக்கு வராது, அளவுதான் நினைவுக்கு வரும். ஒரகடத்தில் லாரி இன்ஜினுக்குப் பாகங்கள் செய்யும் ஒரு ஆலையில் அளவு அறை என் பொறுப்பு. ஆடுகிற நாற்காலியில் உட்காராமல், குனிந்து எந்தக் கால் குட்டை என்று பார்ப்பவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்கள் வீட்டார் உங்களை என்ன சொல்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

மூஞ்சியைப் பார்க்க வேண்டும்

அஞ்சலை என் அறையில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவள். பாகங்களைக் கேஜ் என்ற அளவுச்சட்டத்தில் விட்டுப் பார்த்து, சரியானதை இடதுபக்கமும் தவறானதை வலதுபக்கமும் வைப்பாள். மண்ணூரில் என் வாடகை வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவள் வீடு. ஒரே கம்பெனி பஸ். ஜனவரி கடைசி வெள்ளியோடு அவளுக்கு ஒப்பந்தம் முடிகிறது. பிறகு ஓசூரில் சித்தி வீட்டோடு தங்கி வேறு வேலை. அதற்குள் ஒரு காரியம் ஆக வேண்டும் என்று பஸ்ஸில் என்னிடம் சொன்னாள். அவள் ஜாதகத்தில் ஏழரைச் சனி நடக்கிறதாம். வேலை நிரந்தரமாகாதது, கல்யாணம் தள்ளிப்போவது, மிக்ஸி எரிந்தது, எல்லாவற்றுக்கும் வீட்டில் அவரைத்தான் கைகாட்டுகிறார்கள். மூன்று வருஷம் பழி கேட்டாயிற்று, ஆளை ஒரு தபா நேரில் பார்த்துவிட வேண்டும் என்றாள்.

மார்கழி பிறந்த வாரம் என் மொட்டைமாடிக்கு வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி முகம் கழுவும் நேரத்தில் இருட்டிவிடும். அப்போது சனி மேற்கு வானில், நல்ல உயரத்தில் இருந்தார். என் பழைய ஃபோகசர் பல்சக்கர வகை. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் இடைவெளி. அதை நிரப்ப அல்வா பதத்தில் கிரீஸ். அஞ்சலை குமிழைத் தொட்டதும் குழாய் ஆடியது, சனி குதித்தார், பிறகு வட்டத்தை விட்டே வெளியேறினார். நான் திரும்பப் பிடித்துக் கொடுப்பேன், அவள் தொடுவாள், அவர் போய்விடுவார். அரைமணி நேரம் கழித்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இன்னா மேடம் இது, தொட்டா ஆடுறாரு, வுட்டா ஓடுறாரு. எங்க வூட்ல மட்டும் மூணு வருஷமா குந்திகினு கீறாரு."

பதினோரு நாள் அட்டவணை

புது ஃபோகசர் வாங்குவது என்று அன்றைக்கே முடிவாயிற்று. எதை என்பதில்தான் நாள் போனது. பல்சக்கர வகையிலேயே இன்னும் நன்றாகக் கடைந்தது இருக்கிறது. பல்லே இல்லாமல், உருளைகள் நடுவில் குழாயை அழுத்திப் பிடித்து உராய்விலேயே நகர்த்துவது இருக்கிறது. ஜாம் பாட்டில் மூடி மாதிரி சுற்றிச் சுற்றி ஏற்றுவது இருக்கிறது. ஒற்றைக் குமிழா, அல்லது பத்தில் ஒரு பங்கு வேகத்தில் நகர்த்த இரண்டாவது சின்னக் குமிழும் உண்டா என்பது தனி விசாரணை. எடை தாங்குமா, தன் பாரத்தில் தானே வழுக்குமா, பனியில் இறுகுமா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு அட்டவணை தயாரித்தேன். முதலிடத்துக்கு இரண்டு வகைகள் சமமாக வந்தன. மதிப்பெண் முறையில் பிழை இருக்கலாம் என்று முறையைத் திருத்தினேன். இப்போது மூன்று வகைகள் சமமாக வந்தன.

சனி அதற்காகக் காத்திருக்கவில்லை. வாரத்துக்கு வாரம் மேற்கில் இறங்கிக்கொண்டிருந்தார். இன்னும் சில வாரத்தில் அந்திவெளிச்சத்தில் கரைந்துபோவார். பதினோராம் நாள், எங்கள் ஆலையின் டூல்ரூமில் கருவிகள் கடையும் இசக்கி கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து அட்டவணையை முழுதாகப் படித்தார். திருநெல்வேலிக்காரர், வேலையை முடித்துவிட்டுத்தான் பேசுவார். மோர் சாதத்தை முடித்தார்.

"மேடம், எங்க ஊர்ல பொண்ணு பாக்கக்கூட இம்புட்டுக் கணக்கு போட மாட்டாவ. கடைசில அந்தப் பொண்ணு வேற எங்கயாச்சும் போயிருதுல்லா."

அன்று மாலையே உருளை வகையை, இரண்டு குமிழ் உள்ளதாக, வரவழைக்கச் சொல்லிவிட்டேன்.

மஞ்சள் அட்டை

மண்ணூரில் என் வீட்டைக் கண்டுபிடிக்க கூரியர்காரர்களால் ஆகாது என்பதால் ஆலை முகவரியைக் கொடுத்திருந்தேன். பொங்கல் விடுமுறை குறுக்கே வந்தது. அது முடிந்து ஒரு வாரமாகியும் பொட்டலம் வரவில்லை. காலையில் ஒரு தரம், சாப்பாட்டு நேரத்தில் ஒரு தரம், டீக்கு ஒரு தரம் என்று வாயில் காவலரைப் போய்ப் பார்த்தேன். என் தலை தெரிந்ததும் அவர் எழுந்து கழிப்பறைக்குப் போகும் பழக்கத்துக்கு வந்துவிட்டார். அஞ்சலை எதுவும் கேட்க மாட்டாள். காலையில் மேசைக்கு வந்ததும், தனக்குப் பாக்கி எத்தனை நாள் என்று மட்டும் சொல்லுவாள். ஒரு புதன்கிழமை ஒன்பது என்றாள்.

அன்று வேறு ஏதோ வேலையாக ஸ்டோருக்குப் போனால், என் பொட்டலம் கூண்டுக்குள் அலமாரியில் இருக்கிறது. கழுத்தில் மஞ்சள் அட்டை: நிறுத்திவைக்கப்பட்டது. வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. ஸ்டோர் தாமோதரன் காஞ்சிபுரத்துக்காரர், எதற்கும் பதறாதவர். ஆர்டர் எண் இல்லாமல், வரைபடம் இல்லாமல் உள்ளே வந்த பொருளை மஞ்சள் அட்டை போட்டு நிறுத்த வேண்டும், அளவு அறையின் ஆய்வு அறிக்கை வந்தால்தான் விடுவிக்க வேண்டும் என்று விதியை எடுத்துக் காட்டினார். அளவு அறை என்றால் நான்தான், இது என் சொந்தப் பொருள், மேலே என் பெயர் இருக்கிறது என்றேன். பெயர் இருக்கிறது, அறிக்கை இல்லை என்றார். இப்படி ஒரு விதியை எந்தப் புண்ணியவான் எழுதியது என்று கேட்டேன்.

"நீங்கதான் மேடம். அடியில உங்க கையெழுத்துதான் கீது, பாருங்க."

பதினெட்டு வரிசை

அறிக்கை இல்லாமல் விடமாட்டார்கள் என்றால் அறிக்கை தயாரிப்பதுதானே முறை. சனிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் பொருளை அளவு அறைக்கு வரவழைத்தோம். நான் அளந்து சொல்ல, அஞ்சலை எழுதினாள். உள்விட்டம், வட்டத்தன்மை, குழாயின் நேர்மை, எடை தொங்கவிட்டால் எவ்வளவு தாழ்கிறது, குமிழை எதிர்ப்பக்கம் திருப்பும்போது வீணாகும் அசைவு. மொத்தம் பதினெட்டு வரிசை. பதினெட்டும் சரி. ஒரு தலைமுடியின் பருமனில் பாதி கூட அந்தக் குழாய் ஆடவில்லை. எங்கள் ஆலைக்கு வரும் எந்தப் பாகத்துக்கும் நான் இவ்வளவு அன்பாக அறிக்கை எழுதியதில்லை.

ஞாயிறு காலை அதைத் தொலைநோக்கியில் பொருத்தி, சுமார் நூற்றைம்பது மீட்டர் தள்ளியிருக்கும் ஊர்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தோம். தொட்டியின் விளிம்பில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. சின்னக் குமிழை அஞ்சலை விரல்நுனியால் திருப்ப, காகத்தின் கழுத்து இறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. குழாய் கிட்டத்தட்ட முழுக்க உள்ளே போன பிறகுதான் தெளிவு வந்தது என்பதை நான் கவனித்தேன். கவனித்ததோடு சரி. அஞ்சலை கண்ணை எடுக்கவே இல்லை.

"கண்ணு சிமிட்டுது மேடம். அவரு வண்டியே வந்துச்சு, இனிமே அவரு வராம எங்க போயிருவாரு."

வடை

அன்று மாலை தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அம்மா மாடிப்படியில் இரண்டு படி கீழேயே நின்றுகொண்டார். அவருக்கு நேருக்கு நேர் பார்க்க விருப்பமில்லை. நான் சனியை வட்டத்துக்குள் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நகர்ந்தேன். அஞ்சலை பார்த்தாள். மூச்சை இழுத்துக்கொண்டாள். வளையம் தெரிகிறது, நல்ல தடியாக, நடுவில் ஓட்டையோடு வடை மாதிரி இருக்கிறது என்று அம்மாவுக்குச் சொன்னாள். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தடியாக இருக்கக் கூடாதே. அந்த வருஷம் சனியின் வளையம் நமக்குப் பக்கவாட்டில் திரும்பி, கோடு போலத்தான் தெரிய வேண்டும். நான் கண்ணை வைத்துப் பார்த்தேன். அவள் பார்த்தது சனியே அல்ல. தெளிவுக்கு வராத வெளிச்சத்தின் வீக்கம். நடுவிலிருந்த ஓட்டை, தொலைநோக்கிக்குள்ளேயே இருக்கும் சின்னக் கண்ணாடியின் நிழல். குமிழைத் திருகினேன். குழாய் முழுக்க உள்ளே போய் இடித்து நின்றது. இன்னும் எட்டு மில்லிமீட்டர் உள்ளே போனால்தான் தெளிவு, போக இடமில்லை. பழையதைவிடப் புது ஃபோகசர் அவ்வளவு உயரம். தண்ணீர்த் தொட்டி கிட்டத்தில் இருப்பது, அதன் பிம்பம் கொஞ்சம் வெளியே விழுந்து காப்பாற்றிவிட்டது. சனிக்கு அந்தக் கருணை இல்லை.

அஞ்சலை சந்தோஷமாக இருந்தாள். வெள்ளிக்கிழமை போகப்போகிறாள். ஓசூரில் இதைத் திருத்த ஆளில்லை. பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் முழுதாக நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தவறான பாகத்தை இடதுபக்கம் வைக்காதே என்று இரண்டு வருஷமாக அவளிடம் சொன்னவள் நான். சொல்லிவிட்டேன். அவள் மறுபடி ஒருமுறை கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ இதுவும் அவர் இல்லியா?"

பென்சில்

திங்கள் காலை அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். பதினெட்டு வரிசையிலும் உயரம் இல்லை. மூடியிருக்கும்போது மொத்த உயரம் எவ்வளவு என்று ஒரு சாதாரண ஸ்கேலை வைத்துப் பார்த்திருந்தால் போதும். ஸ்கேலை எங்கள் அறையில் யாரும் அளவுக்கருவியாக மதிப்பதில்லை. இசக்கியிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. குழாயை உள்ளே தள்ள முடியாது, சரி. அடியிலிருக்கும் பெரிய கண்ணாடியை மேலே தூக்கினால் பிம்பம் வெளியே வரும்தானே என்றார். வரும். கண்ணாடியைத் தாங்கும் மூன்று திருகுகளுக்குப் பத்து மில்லிமீட்டர் முன்னால் மூன்று புதுத் துளைகள் போட வேண்டும், அவ்வளவுதான்.

செவ்வாய் மாலை டிரில்லோடு வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துணியில் சுற்றி அஞ்சலை மடியில் வைத்துக்கொண்டாள். துளை விழ வேண்டிய இடத்தை நான் வெர்னியர் அளவுகோலால் அளந்தேன். இன்னொரு தரம் அளந்தேன். மூன்றாம் தரம் குனிந்தபோது இசக்கி கையை நீட்டினார்.

"மேடம், அளந்தது போதும். பென்சிலக் குடுங்க."

வெள்ளிக்கிழமை

புதனும் வியாழனும் மேகம். வேலைநேரத்தில் நானும் அஞ்சலையும் மாறிமாறி ஜன்னலுக்குப் போய்வந்தோம். அவள் கேஜ் மேசையில் அந்த இரண்டு நாளும் ஒரு பாகம்கூடத் தவறு என்று வரவில்லை. நான் எல்லாவற்றையும் திரும்ப அளந்தேன். வெள்ளிக்கிழமை அறையில் எல்லோரும் சேர்ந்து கேக் வெட்டினார்கள். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாகப் புகைப்படத்தில் தெரிகிறது.

பஸ் மண்ணூரில் நின்றபோது மேற்கு திறந்திருந்தது. சனி தாழ்வாக இருந்தார். தென்னைக்குப் பின்னால் போவதற்கு அரைமணிதான் இருக்கும். பெரிய குமிழில் கொஞ்சம், பிறகு சின்னக் குமிழில். அஞ்சலையே திருப்பினாள். குழாய் இடிக்கவில்லை, ஆடவில்லை. வீக்கம் சுருங்கிச் சுருங்கி ஒரு வெளிர்மஞ்சள் பொட்டாயிற்று. அதன் குறுக்கே ஊசி குத்தியது போல ஒரு கோடு. சரியாக இருக்கிறதா என்று நான் பார்த்து உறுதிசெய்துவிட்டுத் திரும்பக் கொடுத்தேன். தென்னை மறைக்கும் வரை அவள் நிமிரவில்லை. அம்மா இரண்டு படி கீழேயிருந்து, எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.

"தம்மாத்தூண்டுதான் கீறாரு, ம்மா. பாவம், ஒண்டியா கீறாரு."

ஃபோகசர் தேர்ந்தெடுக்க நினைக்கும் சக வியாதிஸ்தர்களுக்கு நான் சொல்லக்கூடியது, ஸ்கேலில் தெரியும் அளவை முதலில் பார்த்துவிட்டால் மற்ற பதினெட்டையும் நிம்மதியாக அளந்துகொண்டிருக்கலாம் என்பதுதான்.

மறுநாள் சனிக்கிழமை நவக்கிரகத்துக்கு விளக்குப் போட எடுத்துவைத்திருந்த நல்லெண்ணெயில் அஞ்சலையின் அம்மா பணியாரம் சுட்டு, எனக்கு ஆறும் இசக்கிக்கு ஆறும் கொடுத்தனுப்பினார்.