ஞானப்பூ டீச்சரும் எட்டுச் சிரட்டை மண்ணும்

டீச்சர் இறந்த செய்தி எனக்குக் கடையத்தில் கிடைத்தது. மாமா வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். தென்காசியிலிருந்து காலை ரயிலில் வந்த பெரியப்பா, செருப்பைக் கழற்றுமுன்பே சொன்னார்: "ஏட்டி பாக்கியம், உங்க ஞானப்பூ டீச்சர் போய்ட்டாங்க."

என் வாயில் வந்த முதல் வார்த்தை, "செவரு விழுந்துட்டா?"

கல்யாண வீடே என்னைத் திரும்பிப் பார்த்தது. "செவரா? காய்ச்சல்லா வந்திருக்கு. மூணு நாளா குளிர்காய்ச்சல். நேத்து மத்தியானம் முடிஞ்சிட்டு" என்றார் பெரியப்பா.

ஒரு நிமிஷம் எனக்கு உயிர் வந்தது. அடுத்த நிமிஷம் இன்னொரு பயம் வந்து அந்த உயிரை வாங்கிக்கொண்டு போனது. இந்த இரண்டு பயங்களையும் எழுதத்தான் நம் கையெழுத்துப் பத்திரிகையில் இடம் கேட்டேன். ஐந்தாம் பாரத்தில் எல்லாருக்கும் டீச்சரைத் தெரியும். என்னையும் தெரியும்: தமிழ் ஐயாவின் அங்கவஸ்திரத்தில் நாயுருவி ஒட்டினவள். ஆகையால் இதையும் விளையாட்டு என்று எண்ணிவிட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

குற்றாலத்தில் எங்கள் தெருவில்தான் டீச்சர் வீடு. ஓர் அறை, பின்னால் சமையலுக்கு ஓலைச் சாய்ப்பு. தனியாக இருந்தார். மலையைப் பார்த்த மேற்குச் சுவர்தான் சாரலை முழுக்க வாங்கும். போன வைகாசியில் அந்தச் சுவர் தொந்தி போட்டிருந்தது. யுத்தத்தில் ஊரே இளைத்துக் கிடக்க, அது ஒன்றுதான் பருத்தது.

சிமிண்டு எல்லாம் பட்டாளத்தில் சேர்ந்துவிட்ட காலம். ஒரு மூட்டை பெர்மிட்டுக்காக டீச்சர் தாலுகா ஆபீஸுக்கு ஏழு தடவை நடந்தார். ஒரு தடவை நானும் கூடப் போனேன். குமாஸ்தா தலை நிமிராமல், "ஒத்த ஆளுக்கு எதுக்கும்மா சிமிண்டு? கோட்டையா கட்டப் போறீங்க?" என்றார். டீச்சர் அமைதியாகச் சொன்னார்: "இல்ல தம்பி. செவரு விழுந்து சாகாம இருக்கப் போறேன்." குமாஸ்தா நிமிர்ந்தார். பெர்மிட் மட்டும் வரவில்லை.

ஆணிக்கும் அதே கதி. சீசன் கடைகளின் பழப்பெட்டிகளில் பிடுங்கிய வளைந்த ஆணிகளை டீச்சர் ஒரு தகர டப்பாவில் சேர்ப்பார். வகுப்பில் பேசினால் பத்து ஆணி நிமிர்த்த வேண்டும் என்பது அபராதம். அவர் வீட்டுக் கூரையில் பாதி என் வாயால் வேய்ந்தது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

கடைசியில் மாடசாமி கொத்தனார் ஒரு வழி சொன்னார். "சிமிண்டு என்னத்துக்கு டீச்சர்? கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணியில சுண்ணாம்பு அரைச்சாக் கல்லாப் பிடிக்கும். கருப்பட்டிக்கு எங்க போவீங்க, அதச் சொல்லுங்க." சீனி ரேஷனில் போனபின் கருப்பட்டியும் அரிதாகிவிட்டது. காப்பியில் போடாமல், ஒரு துணுக்கைக் கடித்துக்கொண்டு குடிக்கச் சொல்வாள் எங்கள் அம்மா. ஆனாலும் பள்ளிக்கூடம் திறந்த வாரம் உங்களில் எட்டுப் பேர் ஆளுக்கொரு கருப்பட்டி வீட்டிலிருந்து கொண்டுவந்தீர்கள். டீச்சர் வீட்டில் எலித் தொல்லை. கொத்தனார் வரும்வரை வைத்திருக்க என்னிடம் ஓலைப்பெட்டியைக் கொடுத்தார். ஒரே தெருக்காரி என்பதைத் தவிர வேறு தகுதி எனக்கு இல்லை.

கொத்தனார் வரப் பத்து நாள் ஆயிற்று. முதல் நாள் ஒன்றின் ஓரத்தைக் கடித்தேன். கடித்தது தெரியாமலிருக்கச் சுற்றிலும் சமமாகக் கடித்தேன். சமம் செய்து செய்து, பத்தாம் நாள் பெட்டியில் சமமாக ஒன்றுமில்லை. தம்பிகளுக்கும் பங்கு உண்டு. ஆனால் பாவம் என்னுடையது.

கருப்பட்டியைச் சிரட்டையில்தானே வார்க்கிறார்கள்? ஆற்றோரத்துக் கறுத்த வண்டல் மண்ணைப் பிசைந்து எட்டுச் சிரட்டையில் அடைத்து வெயிலில் வைத்தேன். கவிழ்த்தால் அசல் கருப்பட்டி. எறும்புதான் ஏமாறவில்லை. இது திருட்டை மறைக்க என்று நான் அப்போது ஒத்துக்கொள்ளவில்லை. கொத்தனார் உடைப்பார், மண் சிதறும், அவர் முழிப்பார், எல்லாரும் சிரிப்போம், அந்தச் சிரிப்பிலேயே மன்னிப்பும் கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் நான் வாங்கும் மார்க்கு உங்களுக்குத் தெரியும்.

கொத்தனார் உடைக்கவில்லை. கடுக்காய் ஊறிய தொட்டியில் பெட்டியை அப்படியே கவிழ்த்தார். தண்ணீர் கறுத்தது. நான் சிரிப்பதற்குத் திறந்த வாயோடு நின்றேன். டீச்சர் தொட்டியைப் பார்த்துக்கொண்டே, "எம் பிள்ளைங்க வீட்டுக் காப்பியெல்லாம் இந்தச் செவத்துக்குள்ள போகுது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதற்குமேல் எப்படிச் சொல்வேன்?

மூன்று நாளில் சுவர் எழும்பிவிட்டது. டீச்சரின் கட்டில் அதை ஒட்டித்தான் கிடக்கும். அறையில் வேறு இடமில்லை. பதினைந்து நாளில் கல்லாகும் என்றார் கொத்தனார். இருபதாம் நாள் நகத்தால் கீறிப் பார்த்தேன். நகம் இறங்கியது. அன்றைக்கே ஆனிச் சாரல் தொடங்கிவிட்டது.

சாரல் வந்தால் ஊருக்குச் சீசன், எனக்குக் காய்ச்சல். அருவிச் சத்தம் கூடினால் சுவர் சரிகிற சத்தமாகக் கேட்கும். தினமும் காலையில் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு டீச்சர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்கப் போவேன். "என்னட்டி, கணக்கு மேல திடீர்ப் பாசம்?" என்பார். நான் நோட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பேன். அதில் ஈரம் தேசப்படம் மாதிரிப் படர்ந்து, நாளுக்கொரு நாட்டைப் பிடித்தது.

"டீச்சர், மேற்க தலை வச்சுப் படுத்தா ஆகாதாம். கட்டிலை மாத்திப் போடுங்க" என்றேன் ஒருநாள்.

"நான் ஏசுவ நம்புற வேதக்காரி. எனக்கு எட்டுத் திசையும் ஒண்ணுதான்" என்றார்.

மறுநாள் சுவரில் பாம்பைப் பார்த்தேன் என்றேன். கம்பை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் தேடிவிட்டு, "உன் பாம்பு உன்னைய மாதிரி, வேல குடுத்துட்டு ஓடிருச்சு" என்றார்.

அதற்கடுத்த நாள் சாரல் மழையாகவே கொட்டியது. நான் போனபோது சுவரின் அடிப்பக்கம் சேறு கசிந்துகொண்டிருந்தது. என் மண்ணின் நிறம் எனக்குத் தெரியாதா? டீச்சர் கட்டிலில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்து நம் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து இழுத்தேன். "எந்திரிங்க டீச்சர். அது கருப்பட்டி இல்ல, மண்ணு. நான் தின்னுட்டு மண்ணு வச்சேன்."

"நேத்து பாம்பு, இன்னைக்கு மண்ணா?" என்று சிரித்தார்.

வாழ்நாளெல்லாம் பொய் சொல்லிச் சிரிக்க வைத்தவளுக்கு, உண்மை சொல்லும்போது கிடைத்த சிரிப்பு அது. அழவும் இல்லை, நகரவும் இல்லை. கையை மட்டும் விடவில்லை. டீச்சர் என் முகத்தையே பார்த்தார். "நீ பொய் சொன்னா கண்ணு முதல்ல சிரிக்கும். இன்னைக்குச் சிரிக்கல" என்று எழுந்தார்.

தாள்களை எடுத்தார், கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை நான் பிடித்தேன். இருவருமாக அதைச் சாய்ப்புக்குள் கொண்டுபோனோம். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து சொன்னார்: "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. அந்தச் செவரு பிடிக்கலேன்னு என் முதுகுக்குத் தெரியும். வேற இடம் இல்லேன்னு பேசாம இருந்தேன். பயத்த மறைக்கக் கூடாதுட்டி. பயம் நல்லது. மூணடி தள்ளிப் படுக்கச் சொல்லும்."

கொத்தனாரிடம், "கருப்பட்டி மட்டம் போல" என்று மட்டும் சொன்னார். அவர் இரண்டு பனங்கட்டைகளை முட்டுக்கொடுத்தார். மழை விட்டு, தை பிறந்ததும் பிரித்துக் கட்டலாம் என்று முடிவாயிற்று. எனக்குத் தண்டனை: எட்டுக் கருப்பட்டி சேர்க்க வேண்டும், அதுவரை தினமும் சுவரை மேலிருந்து கீழாக விரல் முட்டியால் தட்டி, எங்கே 'டக்' என்கிறது, எங்கே 'பொத்' என்கிறது என்று எழுதிக் காட்ட வேண்டும். ஆனியிலிருந்து கார்த்திகை வரை எழுதினேன். 'டக்' குறைந்துகொண்டே வந்தது. சுவர் விழவில்லை.

டீச்சர் விழுந்துவிட்டார். அதுதான் என் இரண்டாவது பயம். சாய்ப்பில் மூன்று பக்கமும் ஓலை. ஐப்பசி மழை உள்ளே வரும், கொசுவும் வரும். ஐந்து மாதம் அங்கே படுத்தார். மலைக்காய்ச்சல் இந்த வருஷம் தெருவுக்குத் தெரு இருக்கிறது, கொயினா மருந்தும் யுத்தத்துக்குப் போய்விட்டது, உன் மண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஆஸ்பத்திரி டாக்டர் என்னிடம் பொறுமையாகச் சொன்னார். இருக்கலாம். அறைக்குள் படுத்திருந்தால் காய்ச்சல் வந்திருக்காதா என்று கேட்டேன். அவர் அடுத்த நோயாளியின் சீட்டை எடுத்து எழுதத் தொடங்கினார்.

காய்ச்சலின்போதே இலத்தூரிலிருந்து டீச்சரின் தங்கை வந்துவிட்டார். இனி அந்த வீட்டில் அவர்தான் இருக்கப் போகிறார். மூன்றாம் நாள் போனேன். கட்டில் இன்னும் சாய்ப்பிலேயே கிடந்தது. "அறையில போட வேண்டாம்னு அக்கா சொல்லிட்டா. எதுக்குன்னு கேட்டேன். பாக்கியம்னு ஒரு பிள்ள வந்து சொல்லுவான்னா. நீதானா அது?" என்றார்.

சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

தை முதல் சனிக்கிழமை சுவரைப் பிரிக்கிறோம். வெறுங்காப்பி குடித்து ஏழு கருப்பட்டி சேர்த்திருக்கிறேன். எட்டாவது அதற்குள் சேர்ந்துவிடும். ஒவ்வொன்றையும் உங்கள் முன்னால் உடைத்துத் தொட்டியில் போடுவேன். நம்பாதவர்கள் ஒரு துணுக்கு கடித்துப் பார்க்கலாம். ஒரு துணுக்குத்தான்.

டீச்சரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இந்த விரல் முட்டிதான். இப்போது எங்கே போனாலும் உட்காருமுன் கை தானாகச் சுவரைத் தட்டுகிறது. நேற்று நம் வகுப்பில் தட்டிப் பார்த்தேன். மூன்றாவது பெஞ்சுக்குப் பின்னால் 'பொத்' என்கிறது. தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டேன், நம்பினாரா என்று தெரியவில்லை. அங்கே உட்காருகிறவர்கள் மூன்றடி தள்ளி உட்காருங்கள்.