காலிறுதியும் ஒரு வலது முட்டியும்

இன்று மதியம் புதுச்சேரி பஸ்ஸில், மொபைலில் பேட்மின்டன் காலிறுதி பார்த்துக்கொண்டு வந்தேன். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு நம் நாட்டுப் பெண் ஆடும் முதல் சர்வதேசப் போட்டி. முதல் கேமை ஜெயித்திருந்தாள். "பழைய ஃபார்ம் திரும்பிவிட்டது" என்றார் வர்ணனையாளர். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

மரக்காணத்தில் ஏறிய ஓர் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். உப்பளத்தில் வேலை முடித்து வருகிறவர். திரையை எட்டிப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணுக்கு முட்டி வலிங்களா?"

"இப்ப சரியாயிடுச்சுக்கா."

"எங்க சரியாச்சு? ஓடிப் போயி அடிச்சிட்டுத் திரும்பும்போது பாருங்க. வலது கால ஊனவே பயப்படுது."

அதற்குப் பிறகு நான் ஸ்கோரைப் பார்க்கவில்லை, முட்டியைத்தான் பார்த்தேன். இரண்டாவது கேம் போனது. மூன்றாவதில் இரண்டே பாயின்ட்டில் தப்பித்தாள்.

"ஜெயிச்சிட்டாக்கா!"

"சந்தோசம். நாளைக்கும் ஆடணுமா?"

"ஆமாக்கா, செமிஃபைனல்."

"ஒரு நாள் லீவு தர மாட்டாங்களா?"

கீழ்புத்துப்பட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். அவருக்கும் அதே வலது கால்தான்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், அவள் முழு ஃபிட் என்று நிபுணர்கள் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். யாராவது எனக்குத் தைரியம் சொல்லுங்கள். உப்பளத்தில் வேலை பார்க்காதவர்களாக இருந்தால் நல்லது.