ஆணிக்கு ஒரு சொட்டு

குவெம்புநகர்ல நிர்மலா வீட்டுக்குப் போனா செருப்ப வெளிய விட்டா மட்டும் பத்தாது, காலையும் மிதியடியில நல்லாத் தேச்சுட்டுத்தான் உள்ள வரணும். அப்படி ஒரு பொம்பள. மார்டள்ளியில பொறந்து, கல்யாணம் கட்டி மைசூருக்கு வந்தவ. புருஷன் பசவராஜுக்கு கரண்ட் ஆபீஸ்ல வேலை. ஒரே பொண்ணு தீபா, பியூசி ரெண்டாவது வருஷம், அதாவது பன்னெண்டாம் கிளாஸ். அந்த வீட்ல எந்தச் சாமானும் முனகக்கூடாது. கேட்டுக் கீல் முனகினாலும் சரி, தையல் மெஷின் முனகினாலும் சரி, நீள மூக்கு எண்ணெய் டப்பாவோட நிர்மலா வந்து நிப்பா.

அவ ஹால்ல ஒரு பியானோ. தீபாவுக்குச் சின்ன வயசுலேருந்து சொல்லிக் குடுத்த ஹம்ஸா டீச்சர், மகன்கூட புனேவுக்குப் போறப்ப, "இது உனக்குத்தாண்டி"ன்னு குடுத்துட்டுப் போனது. போறதுக்கு முந்தி டீச்சர் நிர்மலாவ உக்கார வெச்சு ஒரு பாடமே எடுத்தாங்க. வெயில் படக்கூடாது. வெளிச்சுவரு ஓரமா வெக்கக்கூடாது, ஈரம் இறங்கும். மேல பூ ஜாடி வெக்கக்கூடாது. ஈரத்துணி ஆகாது. உள்ள இருக்கற கம்பளிய எலி கடிக்கும், பாத்துக்கோ. வருஷத்துக்கு ரெண்டு தடவ ஆள வெச்சு சுருதி சேக்கணும்.

எண்ணெய் போடாதேன்னு டீச்சர் சொல்லல. அதச் சொல்லணும்னு யாருக்குத் தோணும்?

சொன்னதையெல்லாம் நிர்மலா ஒண்ணு விடாம செஞ்சா. பழைய வேட்டித் துணியால தினம் தொடப்பா. மழைக்காலத்துல சுருதி சேக்க பெங்களூர்லேருந்து உமேஷ் வந்தப்ப, காபி டம்ளர கையில பிடிச்சுட்டு பக்கத்துலயே நின்னு பாத்தா. முன்பலகைய எப்படிக் கழட்டறான், எங்க கொக்கி, எல்லாம் மனசுல ஏத்திக்கிட்டா. உள்ள வரிசை வரிசையா இரும்பு ஆணி, ஒவ்வொண்ணுலயும் ஒரு கம்பி சுத்தியிருக்கு. சுருதி சேக்கற சாவிய மாட்டி அவன் திருப்புனப்போ ஒவ்வொரு ஆணியும் கிறீச்சுன்னுச்சு. அந்தக் கிறீச்சு இருக்கே, அது நிர்மலா காதுல போய் முள்ளு மாதிரி உக்காந்துக்கிச்சு.

தசராவும் வந்துச்சு. ஆயுதபூஜை அன்னிக்கு வீட்ல இருக்கற இரும்பு அத்தனையும் தொடச்சு, எண்ணெய் விட்டு, பொட்டு வெக்கறது நம்ம வழக்கம். தீபா சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தா. கேட்டு, கிரைண்டர், தையல் மெஷின் எல்லாம் முடிச்சுட்டு நிர்மலா பியானோ முன்பலகையக் கழட்டினா. ஆணிக்கு ஒரு சொட்டு. ஒரு ஆணியக்கூட விடல. வழிஞ்சத வேட்டித் துணியால ஒத்தி எடுத்து, மேல சந்தனம் குங்குமம் வெச்சு சூடம் காட்டினா.

பசவராஜ் சிரிச்சாரு. "ஏம்மிணி, பொட்டிக்குமா சூடம்?"

"உங்க ஓட்ட ஸ்கூட்டருக்கு எலுமிச்சம்பழம் நசுக்கறீங்கள்ல, அது என்ன பாட்டா பாடுது? போய் பூசணிக்காய ஒடைங்க."

அந்த வருஷம் தீபாவுக்கு ஒரே ஒரு கனவு. சென்னையில ஒரு சங்கீதக் காலேஜ்ல பியானோ எடுத்துப் படிக்கணும். அதுக்கு வீடியோ அனுப்பணும். கீபோர்டுல வாசிச்சா எடுத்துக்க மாட்டாங்க, நிஜ பியானோதான் வேணும், வெட்டி ஒட்டாம ஒரே மூச்சுல வாசிக்கணும். நவம்பர் கடைசிக்குள்ள போய்ச் சேரணும். தப்புனா அவ்வளவுதான், அப்பா சொன்ன பி.காம்.

தசரா முடிஞ்சு கொஞ்ச நாள்ல, வலது கைப்பக்கம் கடைசியில ஒரு கட்டை பிசிறடிச்சுது. தீபா முகத்தச் சுளிச்சா. அம்மாவோட ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து ஒண்ண உரிச்சு அந்தக் கட்டை மேல ஒட்டுனா.

"இது எதுக்கு கண்ணு?"

"அடையாளம்மா. இது சுருதி இறங்கிடுச்சு. உமேஷண்ணன் வந்தா காட்டணும்."

மறுநாள் அதுக்குப் பக்கத்துல ஒரு பொட்டு. அப்புறம் நடுவுல ரெண்டு. காலையில துணியோட வந்து தொடைக்கறப்ப எல்லாம் நிர்மலா கண்ணுல புதுசா ஒண்ணு செகப்பா முழிக்கும். அம்மை போட்ட ஒடம்பு மாதிரி தினமும் பரவிச்சு. கண்ணாடி முன்னாடி நின்னு அட்டைய எடுத்தா, அதுல பாதி காலி.

உமேஷ் வந்தான். பலகையக் கழட்டி சாவிய மாட்டினான். திருப்புனான். சத்தமே இல்ல. வெண்ணெயில கத்தி போற மாதிரி வழுக்கிட்டு போச்சு. அவன் சாவிய எடுத்துட்டு நிர்மலாவ நிமிர்ந்து பாத்தான்.

"ஏனக்கா, இந்த ஆணியப் பிடிச்சுட்டு இருக்கறது ஸ்க்ரூ இல்ல, மரம். காஞ்ச மரம். அதோட பிடிதான் எல்லாம். கிறீச்சுன்னு கத்துச்சுன்னா பிடி நல்லாருக்குன்னு அர்த்தம். ஈரமோ எண்ணெயோ உள்ள எறங்கிச்சுன்னா முடிஞ்சுது. எத்தன தடவ சேத்தாலும் சுருதி நிக்காது. யாராச்சும் ஏதாச்சும் போட்டீங்களா?"

நிர்மலாவுக்கு ஆயுதபூஜை ஞாபகம் வந்துச்சு. தீபா பக்கத்துலயே நிக்குது, அம்மாவையே பாக்குது.

"ஐயோ, நானா? தூசிகூட அண்ட விடமாட்டேன் தம்பி. இந்த மழ விடாம பேஞ்சுதே, அந்தக் காத்தா இருக்கும்."

உமேஷ் வீட்டச் சுத்திப் பாத்தான். தரையில முகம் தெரிஞ்சுது. இவ்வளவு சுத்தமா வெச்சிருக்கற பொம்பள பொய் சொல்லுவாளான்னு நெனச்சிருப்பான் போல.

"அப்ப காத்து ஈரம்தான். ரெண்டு மூணு தடவ சேத்தா நின்னுடும். தைரியமா இங்கயே வாசி தீபா."

அப்பவாச்சும் வாயத் தொறந்திருக்கலாம். ஊர்ல ஒருத்தர் விடாம வாய் பேசற வாயி அது. அன்னிக்குப் பாத்து பூட்டிக்கிச்சு.

அடுத்த வாரம் ஒரு ஸ்கூல்லேருந்து தீபாவுக்கு போன். எதுக்கும் இருக்கட்டும்னு அவங்க பியானோவக் கேட்டு வெச்சிருந்தா. சனிக்கிழமை காலையில வந்து வீடியோ எடுத்துக்கோ, அதுக்கப்புறம் ஹால்ல பரீட்சை, திறக்க மாட்டோம்னாங்க. நிர்மலா அடுக்களையில அவரைக்காய் உரிச்சுக்கிட்டே காதத் தீட்டி வெச்சிருந்தா.

"பரவால்ல மிஸ், வேண்டாம். வீட்டுதே சரியாயிடும்னு ட்யூனர் சொல்லிட்டாரு. என் கைக்கு இதுதான் பழக்கம். தேங்க்ஸ் மிஸ்."

போன வெச்சுட்டு தீபா உள்ள வந்து அம்மா கழுத்தக் கட்டிக்கிட்டா. "நீ எவ்ளோ நல்லா பாத்துக்கறேன்னு உமேஷண்ணன் சொன்னாரும்மா. ஹம்ஸா டீச்சரே இப்படிப் பாத்ததில்லையாம்."

நிர்மலா கையில இருந்த அவரைக்காய் நசுங்கிப் போச்சு. சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு, சொல்லிக்கலாம்னு முழுங்கிட்டா. சனிக்கிழமை வந்துச்சு, போச்சு. ஸ்கூல் ஹாலும் பூட்டிருச்சு.

பொட்டு மட்டும் நிக்கல. இப்ப இடது பக்கம், தடிச்ச கம்பிக்கெல்லாம் போயிருச்சு. கூடத்துல யாரும் இல்லாதப்ப பொட்டிக்குள்ள "டக்"குன்னு ஒரு சத்தம் கேக்கும். பல்லி இல்ல. பல்லின்னு சொல்லிப் பாத்தா, ஆணி வழுக்கற சத்தம்னு தெரிஞ்ச மனசு ஒத்துக்கல. சாமி ரூமுக்குப் போய் நெத்தியில இன்னும் கொஞ்சம் குங்குமத்த அப்பிக்கிட்டா.

"ஏனுங்க, வேற பியானோ வாடகைக்குக் கிடைக்குமா?"

பசவராஜ் பேப்பர இறக்காமயே சொன்னாரு, "நல்லா இருக்கற பொட்டிய வெச்சுக்கிட்டு வாடகைக்கா? நீயா பேசற?"

வீடியோ அனுப்பற கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் உமேஷ் மறுபடி வந்து எல்லாத்தையும் முறுக்கினான். போறப்ப முகத்துல சிரிப்பில்ல. "காலையிலயே வீடியோ எடுத்துடு தீபா, தாமசம் பண்ணாத"ன்னு மட்டும் சொன்னான். தீபா பொட்டு எல்லாத்தையும் உரிச்சு அட்டையிலயே திரும்ப ஒட்டி வெச்சா. வெள்ளைக் கட்டை பளபளன்னு ஒண்ணுமே நடக்காத மாதிரி இருந்துச்சு.

காலையில பட்டுப் பாவாடை கட்டி, தலை பின்னி, போன ஸ்டாண்டுல நிறுத்தி தீபா உக்காந்தா. பசவராஜ் ஃபேன நிறுத்தினாரு. நிர்மலா குக்கரக்கூட வெக்கல. அடுக்களைக் கதவப் பிடிச்சுட்டு நின்னா.

மொதல் பாட்டு முழுக்க சுருதி நின்னுச்சு. ஒரு பிசிறில்ல. நிர்மலா அப்பத்தான் மூச்சு விட்டா. தப்பிச்சோம், சாமுண்டி காப்பாத்திட்டான்னு கையெடுக்கப் போனா.

ரெண்டாவது பாட்டுல இடது கை தடிச்ச கம்பிங்கள ஓங்கி அடிக்கற இடம் வந்துச்சு. மொத அடி சரி. ரெண்டாவது அடி, அடிச்சுட்டு இருக்கறப்பவே தண்ணிக்குள்ள முங்குன மாதிரி கீழ போச்சு. தீபா விடல, இன்னும் ரெண்டு வரி போனா. பக்கத்துக் கம்பியும் வழுக்கிருச்சு. கை நின்னுச்சு.

அழுகைச் சத்தம் எதுவும் வரல. பலகையக் கழட்டற சத்தம்தான் வந்துச்சு.

தீபா அடுக்களைக்கு வந்தா. வலது கை விரல் கருப்பா இருந்துச்சு. அத மூக்குல வெச்சு மோந்துட்டு, அம்மா கையப் பிடிச்சு அதையும் மோந்து பாத்தா. நேத்துத்தான் நிர்மலா தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டிருந்தா.

"உள்ள உன் வாசனை அடிக்குதும்மா."

நிர்மலா கைய முந்தானைக்குள்ள இழுத்துக்கிட்டா.

"எண்ணெய் விட்டது தெரியாமப் பண்ணிட்டே. சரி. உமேஷண்ணன் கேட்டப்ப தெரிஞ்சுதுல்ல? ஸ்கூல்காரங்க கூப்பிட்டப்ப இங்கதான நின்னே?"

"கண்ணு, நான்…"

"பேடாம்மா. வேண்டாம்."

தீபா கண்ணாடி முன்னாடி போய் பொட்டு அட்டைய எடுத்துட்டு ஹாலுக்குப் போனா. வலது கோடியில ஆரம்பிச்சு ஒவ்வொரு கட்டைக்கும் ஒண்ணா ஒட்டிக்கிட்டே வந்தா. நல்லா இருந்த கட்டையக்கூட விடல. அட்டை காலியானதும் மூடிய இறக்கிட்டு ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டா.

நிர்மலா அப்படியே நின்னா. கையில பழக்கதோஷத்துக்கு வேட்டித் துணி. மூடியிருந்த பொட்டிக்குள்ள "டக்"குன்னுச்சு. கொஞ்சம் பொறுத்து இன்னொண்ணு.