லோகநாயகி இல்லாத கல்யாண கேசட்

கல்யாண வீடியோ வெட்டுவதில் திருமுல்லைவாயிலில் செங்கல்வராயனை விட்டால் ஆள் கிடையாது என்று தொண்ணூற்றெட்டு வாக்கில் ஒரு பேச்சு. பேச்சுக்கு என்ன குறைச்சல். ஸ்டேஷன் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு மாடி அறை, ஒரு கம்ப்யூட்டர், டேப்பில் இருக்கும் படத்தை அதில் ஏற்ற ஒரு கார்டு, இவ்வளவுதான் அவன் சொத்து. அங்கே வெந்துகொண்டே ஊரார் வீட்டுக் கல்யாணத்தையெல்லாம் மூன்று மணி நேர கேசட்டாக்குவான்.

அந்தத் தொழிலில் யாரும் சொல்லித் தராமலே வந்துவிடும் வழக்கம் ஒன்று உண்டு. தாலி கட்டும்போதும் நலங்கு வைக்கும்போதும் தாலி இழந்த பெண்கள் படத்தில் விழுந்தால் வெட்டிவிட வேண்டும். வெட்டச் சொல்லி எந்தப் பார்ட்டியும் கேட்பதில்லை, விட்டுவிட்டால்தான் சண்டைக்கு வருவார்கள். கல்யாணப் பெண்ணைப் பெற்றவளே ஆனாலும் கத்திரிதான். கேடுகெட்ட வழக்கம். செங்கல்வராயன் அதையெல்லாம் யோசித்ததில்லை. அது அவனுக்கு மூளை வரை போகாமல் கையிலேயே முடிந்துவிடும்.

அப்பா இல்லாத வீட்டில் தங்கை சுசீலாவின் கல்யாணத்தை அவன்தான் நடத்தினான், வீடியோவையும் அவனே வெட்டினான். டைட்டில் வேலை மட்டும் முகப்பேர் கஜபதிக்கு. பூ கொட்டுவதும் இதயம் சுழல்வதுமாக எழுத்துப் போடுவதில் கஜபதி சூரன். நல்ல நல்ல துண்டாக நாலைந்து எடுத்து, வெட்டாமல், ஒரு சிடியில் எழுதி அவனிடம் கொடுத்தான் செங்கல்வராயன்.

மறுநாளே கஜபதி போன் பண்ணினான். "மச்சான், சத்தம் மட்டும் வருது. படம் கறுப்பா கீது."

இருவர் சாஃப்ட்வேரும் வேறு வேறு. செங்கல்வராயனின் கார்டு படத்தைத் தன் பாணியில் சுருக்கி வைக்கும். அதை விரிக்கிற சமாச்சாரம் கஜபதியின் மிஷினில் இல்லை. முகூர்த்த நாள் நெருக்கடியில் அதையெல்லாம் நோண்ட யாருக்குப் பொறுமை? செங்கல்வராயன் தன்னிடமிருந்த சாதா எழுத்தையே போட்டு கேசட்டை முடித்துவிட்டான். டேப்பில் வழக்கம்போல பழையதன் மேலேயே அடுத்த கல்யாணத்தைப் பிடித்தாயிற்று. சிடி முகப்பேரிலேயே கிடந்தது.

மறு வருஷம் ஆடியில் அம்மா லோகநாயகி போய்விட்டாள். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாள், மத்தியானம் இல்லை.

செங்கல்வராயன் அழவில்லை. பந்தல்காரரிடம் பேசினான், ஐஸ் பெட்டிக்குச் சொல்லிவிட்டான், வந்தவர்களுக்கு நாற்காலி போட்டான். அடுத்த வீட்டுச் சாவுக்கு ஒத்தாசை செய்வதுபோல எல்லாம் நடந்தது. உள்ளே மரத்துக் கிடந்தது. மாலை போட ஒரு படமில்லாமல் வாக்காளர் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கினார்கள். அதில் அம்மா யாரோ மாதிரி இருந்தாள்.

காரியத்துக்கு முந்தின நாள் சுசீலா தன் கல்யாண கேசட்டைப் போட்டாள். அம்மா நடப்பதையும் பேசுவதையும் ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் அவளுக்கு. ஓட்டி ஓட்டிப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, அம்மா எங்கியுமே இல்ல? அம்மா என் கல்யாணத்துக்கு வரவே இல்லியா?"

செங்கல்வராயன் கேசட்டை நிறுத்தினான். தாலி கட்டும் இடத்தில் ஓரமாகத் தெரிந்த ஒரு சந்தனக் கலர் புடவையை வெட்டியது நினைவுக்கு வந்தது. யாருடைய புடவை என்றுகூட அப்போது பார்க்கவில்லை. இப்போது தெரிந்தது. தெரிந்தும் மனசுக்குள் ஒன்றும் அசையவில்லை. அதுதான் அவனுக்கு பயமாக இருந்தது.

அப்புறம்தான் சிடி ஞாபகம் வந்தது. பழைய கார்டை எப்போதோ விற்றுவிட்டான். அதோடு வந்த பிளாப்பி மட்டும் டிராயரில் இருந்தது, படத்தை விரிக்கிற சமாச்சாரம் அதில்தான். அதை எடுத்துக்கொண்டு முகப்பேருக்கு பஸ் ஏறினான்.

 கஜபதி தேடி எடுத்து, துடைத்து, சிடியைப் போட்டான். திரை கறுப்பாகவே இருந்தது. சத்தம் மட்டும் வந்தது. மேளம், குழந்தைகளின் கூச்சல். பிறகு, மைக்குக்கு வெகு பக்கத்தில், லோகநாயகியின் குரல்.

"யப்பா தம்பி, கேமராவ இந்தாண்ட காட்டாத. அப்பால என் மொவன்தான் குந்திகினு என்னை வெட்டணும். புள்ளைக்கு அந்த வேலை வோணாம்."

 செங்கல்வராயன் பிளாப்பியை நீட்டினான். "இத்தப் போடு."

கொஞ்ச நேரத்தில் படம் வந்தது. நலங்குத் தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு, சந்தனக் கலர் புடவையில் லோகநாயகி திரும்புகிறாள். கேமராவைப் பார்க்கிறாள். சிரித்தபடியே அதைச் சொல்லிவிட்டு மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்கிறாள். தூணைத் தாண்டி முந்தானை மட்டும் கொஞ்சம் தெரிகிறது.

செங்கல்வராயனுக்கு இப்போதும் அழுகை வரவில்லை. இத்தனை வருஷமாக வெட்டிய கையைத் திரையில் அந்த முந்தானை மேல் வைத்தான்.

"பாவம் மச்சான்," என்றான் கஜபதி. பிறகு அம்மா மறைந்த இடத்தில் மவுஸைக் கொண்டுபோய் நிறுத்தினான். "சுசீலாவுக்கு கேசட்ல ஏத்தித் தரேன். இத்தோட வெட்டிடட்டா? இதுக்கு மேல வெறும் தூணுதான்."

"வெட்டாத," என்றான் செங்கல்வராயன். "அம்மா அங்க நின்னுகினு கீது."