ஃபிரிட்ஜ் மெக்கானிக் குளத்தில் குதித்த காலை

தெருவில் அவரைக் கூலிங்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். யார் வீட்டு ஃபிரிட்ஜ் படுத்தாலும் அவர் போய்த்தான் எழுப்ப வேண்டும். ஊருக்கெல்லாம் குளிரேற்றுகிறவர் சொந்த வீட்டில் தண்ணீரைச் சூடாக்கப் படாத பாடு பட்டார்.

வீடு வாங்கும்போதே பின்பக்கம் ஒரு சின்ன நீச்சல்குளம் இருந்தது. மகள் பள்ளியில் நீச்சல் கற்றுக்கொண்டு வந்து அதில் ஆட்டம் போடுவாள். மனைவி அந்தப் பக்கம் காலடி வைத்ததில்லை. மகள் கரையேறும்வரை அடுப்படி ஜன்னலை விட்டு நகரவும் மாட்டாள். தண்ணீர் என்றால் அவளுக்குப் பயம் என்று கூலிங்காரராகவே முடிவுகட்டி, வருகிறவர்களிடமும் அப்படியே சொல்லிவைத்தார்.

தையல் கடையில் துணி வெட்டும் மேசை முன்னால் நின்று நின்றே அவளுக்கு மூட்டு தேய்ந்துவிட்டது. கைத்தடி வந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் நடந்து பழகினால் வலி குறையும் என்றார் டாக்டர். குளத்துத் தண்ணீரோ கால் வைத்தால் எலும்பைத் தொடும்.

கூலிங்காரர் மாடியில் கறுப்பு சோலார் பலகைகளை வரிசையாகப் பதித்தார். மோட்டார் குளத்துத் தண்ணீரை மேலே ஏற்றும். பலகைகளுக்குள் ஓடும் மெல்லிய குழாய்களில் அது வெயில் பட்டுச் சூடாகி, மறுபடி குளத்துக்கே இறங்கும். ராத்திரியில் சூடு போய்விடாமல் தண்ணீர்மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு மிதக்கும். முதலில் மேகம் மூடி மானத்தை வாங்கியது. பிறகு வெயில் அடித்தது. கையை விட்டுப் பார்த்தவருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

மறுநாள் காலை விரிப்பைப் பாதி சுருட்டி, ஆழம் குறைந்த பக்கமே கரையோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கும்படி அவளிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டு, கசிந்துகொண்டிருந்த ஓர் இணைப்பை இறுக்க மாடிக்கு ஏறினார். வேலை முடிந்து எதேச்சையாகக் கீழே பார்த்தார். கைத்தடி சுவரில் சாய்ந்திருந்தது. துண்டு இருந்தது. அவள் இல்லை.

கூப்பிட்டார். பதில் இல்லை. விரிப்பின் நடுவில் ஏதோ அடியிலிருந்து முட்டி, மேடு தட்டி, அடங்கியது.

ஏணியில் எப்படி இறங்கினார் என்று இன்றைக்குக் கேட்டாலும் தெரியாது. சட்டையும் பெல்ட்டும் கையில் ஸ்பானருமாக ஆழமான பக்கத்தில் குதித்தார்.

கால் தரையைத் தேடியது. தரை இல்லை. விரிப்பு முகத்தில் வந்து ஒட்டியது. வாயைத் திறந்தார்; அவரே பார்த்துப் பார்த்துச் சூடாக்கிய தண்ணீர் உள்ளே போயிற்று. அவ்வளவுதான் என்று நினைத்தபோது பின்னாலிருந்து ஒரு கை தாடைக்கு அடியில் அணைத்து அவரை மேலே தூக்கியது.

"உதறாதீங்க. உடம்ப விட்டுடுங்க," என்றது மனைவியின் குரல்.

மல்லாந்தபடி மிதந்து கரைக்கு வந்தார். இருமி முடித்துத் திரும்பினால், கால் எட்டாத ஆழத்தில் எதையும் பிடிக்காமல் மிதந்துகொண்டிருக்கிறாள் அவள்.

"உனக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியும். சின்ன வயசுல அக்காவும் நானும் ஆத்தக் கடந்து அக்கரைக்குப் போயிட்டு வருவோம். இப்ப மூச்சு எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பாக்கத்தான் விரிப்புக்கு அடியில போனேன்."

பேயறைந்தவர்போல உட்கார்ந்திருந்தார். மகளுக்கே கல்யாணம் ஆகிவிட்டது. இத்தனை வருஷம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டார். அவள் தயங்கினாள். கல்யாணமான புதிதில் இருவரும் ஏரிக்குப் போனார்களாம். நான் மீன் மாதிரி நீந்துவேன், நீ பயப்படாமல் முட்டளவில் நில் என்றாராம் இவர்.

"நெஞ்சளவு தண்ணில நின்னு கைய மட்டும் வீசுனீங்க. கால் தரையிலதான் இருந்துச்சு. அன்னைக்கு நான் நீந்திக் காட்டியிருந்தா உங்க முகம் என்னாகியிருக்கும்? அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டேன். விட்டது விட்டதுதான்."

அவருக்கு அந்த ஏரியே நினைவில்லை. சொன்னவர் மறந்துபோன பொய்யை அவள் இத்தனை காலம் கட்டிக் காத்திருக்கிறாள், தண்ணீரையே ஒதுக்கிவிட்டு. ஈரச் சட்டையைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை அவருக்கு.

சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டுச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அப்பா, அப்ப உங்களுக்கு நீச்சல் தெரியாதா?" என்றாள்.

மூட்டுவலி குறைந்திருக்கிறது. வெயில் உள்ள காலைகளில் அவள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நீந்துகிறாள். கூலிங்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவில் நிற்கிறார். சில நாள் சாப்பாட்டின் நடுவே, "வேற என்னென்ன சொல்லாம வச்சிருக்க?" என்று கேட்பார்.

"ஞாபகம் வந்தா சொல்றேன்," என்பாள் அவள், குழம்பை ஊற்றியபடி.