பாதியைக் காட்டாத பெட்டி

குடிநீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில் அவருக்கு வைத்தியர் என்று பெயர். வாழ்நாளில் ஓர் ஊசி போட்டதில்லை. யாருடைய கம்ப்யூட்டர் படுத்தாலும் எழுந்து போய், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நாலு தட்டு தட்டி எழுப்பிவிடுவார். பத்தில் எட்டு எழுந்துவிடும். எழாத இரண்டுக்கும் அவரிடம் ஒரு காரணம் தயாராக இருக்கும். "இந்த மாடலே அப்படித்தான் சார்" என்பார். இருபத்தாறு வருஷ வேலையில் அவர் வாயிலிருந்து 'தெரியாது' என்ற சொல்லை யாரும் கேட்டதில்லை.

அவர் மனைவி, பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். திக்குகிறவர்கள், வார்த்தையைப் பாதியில் விழுங்குகிறவர்கள், வாயே திறக்காதவர்கள் என்று வீட்டு முன்னறைக்கு வராத பிள்ளை இல்லை. அவர்களுக்கெல்லாம் அவர் டீச்சர். நாமும் அப்படியே சொல்வோம். பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு ஒவ்வொரு பயிற்சியையும் வீடியோ எடுத்து வைப்பது டீச்சரின் வழக்கம். இருபத்திரண்டு வருஷ வீடியோக்கள் நாலு பழைய ஹார்ட் டிஸ்க்குகளில் இருந்தன. அதில் ஒன்று திடீரென்று டொக் டொக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது.

வைத்தியர் அன்றே கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்தார். "நாலு டிபி. உன் ஆயுசுக்கும் போதும்" என்று மேஜைமேல் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கம்ப்யூட்டரில் மாட்டினார்கள். டிஸ்க்கின் இடத்தை எந்த முறையில் பிரிக்க வேண்டும் என்று திரையில் ஒரு கேள்வி வந்தது. கீழே இரண்டு பெயர்கள். ஒன்று எங்கோ கேள்விப்பட்டது, மற்றது கேள்விப்படாதது. கேள்விப்பட்டதை வைத்தியர் அழுத்தினார். வேலை முடிந்தது. டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"நாலுன்னு சொன்னீங்க. ரெண்டுதானே காட்டுது?"

"கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்ணுவான். கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்தி நாலா எண்ணும். அதனால கொஞ்சம் குறைச்சலாத்தான் காட்டும்."

"அதுக்காக பாதியா குறையும்?"

"டிஸ்க் பெரிசாக ஆக அப்படித்தான்."

முதலில் சொன்னது உண்மை. ஆனால் அந்தக் கணக்கில் நாலு என்பது மூன்றரைக்குக் கீழே போகாது. பிறகு சொன்னது, கேள்வி வந்த வேகத்தில் அவரே இட்டுக்கட்டியது.

"கடையில ஒரு வார்த்தை கேட்டுடலாமா?"

"எதுக்கு? நான்தான் சொல்றேன்ல."

வீடியோக்களுக்கு மூன்று டிபி வேண்டும். இன்னொன்று வாங்கலாமா என்று டீச்சர் தயங்கித் தயங்கிக் கேட்டார். வாங்கினால் முதலில் வாங்கியது தப்பு என்றாகிவிடும். "வேண்டாததை எல்லாம் எதுக்குச் சேர்த்து வெச்சுக்கறே? பார்த்துக் கழிச்சுடு" என்றார் வைத்தியர்.

மூன்று வாரம், பிள்ளைகள் போன பிறகு டீச்சர் உட்கார்ந்து கழித்தார். எதைக் கழிப்பது? முதல் நாட்களில் பிள்ளைகள் பெரும்பாலும் பேசுவதில்லை. சுவரைப் பார்ப்பார்கள், அம்மாவின் மடியில் முகத்தைப் புதைப்பார்கள். முக்கால் மணி நேர வீடியோவில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும். "பேசினதை வெச்சுக்கறேன், பேசாததை விட்டுடறேன்" என்று கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். மாற்றி முடித்ததும், பிள்ளைகளின் முகம் யார் கையிலும் சிக்கக் கூடாது என்று பழைய நாலையும் வைத்தியரே துளை போட்டு உடைத்தார்.

ஏழு மாதம் கழித்து அலுவலகத்துக்கும் அதே போல ஒரு டிஸ்க் வாங்கினார்கள். அதையும் வைத்தியர்தான் தயார் செய்தார். அதுவும் இரண்டுதான் காட்டியது. மேலதிகாரி விடவில்லை, வெளியிலிருந்து ஒரு டெக்னீஷியன் பெண்ணை வரவழைத்தார். அவள் வந்து உட்கார்ந்து, திரையில் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்துச் சிரித்தாள்.

"பழைய முறையில பிரிச்சிருக்கீங்க சார். இதுல ரெண்டு டிபிக்கு மேல எடுத்துக்காது. இதோ, கறுப்பா ஒரு பட்டை தெரியுதா? மிச்ச இடம் பூரா இதுலதான் சும்மா கிடக்கு."

இரண்டே நிமிஷம். முறையை மாற்றினாள், முழு இடமும் வந்துவிட்டது. "வைத்தியருக்கே வைத்தியமா!" என்று யாரோ சொல்ல, அறையே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் அந்தக் கறுப்புப் பட்டையை அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை, டீச்சர் எட்டிப் பார்ப்பதற்குச் சற்று முன்னால். என்னவென்று புரியவில்லை. புரியாததால் மூடிவிட்டார்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். முன்னறையில் ஒரு பிள்ளை 'ப, ப' என்று முக்கிக்கொண்டிருந்தது. உள்ளறையில் டிஸ்க்கை மாட்டிப் பார்த்தார். பட்டை அப்படியே இருந்தது. ஆயிரத்து அறுநூற்று எழுபத்தெட்டு ஜிபி. டீச்சர் கழித்ததெல்லாம் போக இன்னும் மிஞ்சியிருக்கும்.

சொல்லவில்லை. போனது போயாச்சு, இனிமேல் சொல்லி அவள் மனசையும் எதற்குக் கெடுப்பானேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மனைவிமேல் உள்ள கரிசனம் என்றுகூட அதற்குப் பெயர் வைத்துப் பார்த்தார். இப்படியே நாலு மாதம் ஓடியது.

ஒரு சாயங்காலம் ஓர் இளம்பெண் வந்தாள். ஐந்து வயதில் டீச்சரிடம் வந்தவள். இப்போது அவளே பேச்சுப் பயிற்சி கொடுக்கிறாள்.

"என்கிட்ட ஒரு பாப்பா வருது டீச்சர். நாலு மாசமா வாயே திறக்கல. அவங்க அம்மா நம்பிக்கையே விட்டுட்டாங்க. நானும் முதல்ல அப்படித்தான் இருந்தேன்னு சொன்னா, சும்மா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைக்கிறாங்க. என்னோட முதல் நாள் வீடியோ இருந்தா அவங்களுக்குக் காட்டலாம்னு வந்தேன்."

"இல்லம்மா. இடம் பத்தலைன்னு நான்தான் அழிச்சேன். பேசாத வீடியோவுல என்ன இருக்குன்னு நினைச்சுட்டேன். இத்தனை வருஷம் இதே வேலை பார்த்தும் எனக்கு அது தோணல பாரு. என் தப்புதான்."

வைத்தியர் சமையலறை வாசலில் டீத் தட்டோடு நின்றிருந்தார். உள்ளே திரும்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார்.

"இடம் இருந்துச்சு" என்றார்.

இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"பாதி இடம் காட்டாம இருந்துச்சு. நான் தப்பான முறையில பிரிச்சுட்டேன். ரெண்டு நிமிஷ வேலை. நீ எதையுமே அழிச்சிருக்க வேண்டாம்."

"எப்போ தெரியும் உங்களுக்கு?"

"நாலு மாசம் ஆச்சு."

"அன்னிக்குக் கேட்டேனே, பாதியா குறையும்னு?"

"அன்னிக்கு எனக்குத் தெரியல. தெரியலைன்னு சொல்ல வரல."

டீச்சர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, "அந்த அம்மாவை இங்க கூட்டிட்டு வா. நீ எப்படி இருந்தேன்னு நானே சொல்றேன்" என்றார்.

அடுத்த வாரம் அந்தத் தாய் வந்தாள். டீச்சர் நினைவிலிருந்து தேடித் தேடி ஒரு மணி நேரம் சொன்னார். உள்ளறையிலிருந்து வைத்தியர் கேட்டுக்கொண்டிருந்தார். "நிஜமாவா? நிஜமாவா?" என்று அந்தத் தாய் கேட்டுக்கொண்டே இருந்தாள். போகும்போதும் அவள் குரலில் பாதி நம்பிக்கைதான் இருந்தது. ஒரே ஒரு நிமிஷ வீடியோ போதுமாக இருந்திருக்கும்.

வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. சண்டை வந்திருந்தால் தேவலை என்று அவருக்குப் பல நாள் தோன்றியது. டிஸ்க்கைச் சரி செய்தார். இப்போது முழு இடமும் காட்டுகிறது, புதுப் பிள்ளைகளின் வீடியோக்கள் முதல் நாளிலிருந்தே அதில் சேர்கின்றன. அலுவலகத்தில் ஒருநாள் "எனக்குத் தெரியாது சார், கேட்டுச் சொல்றேன்" என்றார். உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள்.

போன மாதம் பிரிண்டர் காகிதத்தை மென்று துப்பியது. டீச்சர் போனை எடுத்துக் கடைக்குப் பேசினார். அவர்கள் சொல்லச் சொல்ல மூடியைத் திறந்தார், எதையோ இழுத்தார், மூடினார். மூன்றடி தள்ளி வைத்தியர் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல. கடையில கேட்டுக்கிட்டேன்."

அவர் தலையாட்டிவிட்டுப் பேப்பரைப் புரட்டினார்.