நாலு பெயர் கண்ட கிளப்பும் என் அச்சுக் கடையும்

சட்டையில் பெயர் அச்சடிக்கிற தொழிலுக்கு மூளை தேவையில்லை, எழுதித் தந்ததை அப்படியே அடித்தால் போதும் என்று சொல்லித்தான் என் மச்சான் தன் மெஷினை என் தலையில் கட்டினார். கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று காலம் தள்ளுகிற உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை: எழுதித் தருகிறவர்களுக்கே என்ன வேண்டும் என்று தெரியாது. லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இருக்கிறது என் கடை. கிரிக்கெட் கழகம், பள்ளிக்கூடம், கோயில் தொண்டர் சபை என்று எல்லோருக்கும் அடித்திருக்கிறேன். ஆனால் என்னை உண்மையில் படாதபாடு படுத்தியது ஒரு போலந்து கூடைப்பந்துக் கிளப்பின் லண்டன் ரசிகர் கூட்டம்தான்.

பெயர் கேட்ட குற்றம்

மரெக் ஒரு பிளம்பர். லண்டனில் இருக்கும் அந்த ரசிகர்களுக்குத் தலைவர். ஒருநாள் பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் போட்டு, இதே மாதிரி இருபது வேண்டும் என்றார். கிளப்பின் பெயர் என்ன என்று கேட்டேன். மனிதர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எங்கள் பேச்சு இங்கிலீசில்தான். இருவருக்கும் ஒரே அளவுக்குத் தெரியாததால் சண்டை வருவதில்லை.

கண்ணாடித் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கிய கிளப்பாம். முதலில் தொழிற்சாலையின் பெயர். தொழிற்சாலையை விற்றதும் பன்றி இறைச்சியில் சொசேஜ் செய்கிற கம்பனி காசு போட்டது. உடனே கிளப்புக்கு சொசேஜின் பெயர். பிறகு தரை ஓடு செய்கிற கம்பனி. இப்போது டெலிபோன் கம்பனி. காசு தருகிற கம்பனியின் பெயரைத்தான் அங்கே கிளப்புக்கு வைப்பார்களாம். கம்பனி போனால் கிளப்பும் போய்விடுமோ என்பதுதான் அவர்களுக்கு வருடா வருடம் உள்ள பயம். எல்லாம் கேட்டு முடித்து, "அப்ப எந்தப் பெயரை அடிக்க?" என்றேன்.

"இன்றைக்கு உள்ளதை அடியுங்கள்," என்றார் மரெக். "ஆனால் இன்றைக்கே அடியுங்கள்."

பன்றியும் விரதமும்

அவர்கள் ஒரே ஒருமுறைதான் சாம்பியன் ஆகியிருக்கிறார்கள், அதுவும் சொசேஜ் காலத்தில். அந்த வருடத்துச் சட்டையை மறுபடி அடித்துத் தரச் சொன்னார்கள். நெஞ்சில் கம்பனியின் சின்னம்: பல் தெரியச் சிரிக்கிற பன்றித் தலை. கடையில் மெஷின் வேலை முழுக்க என் மனைவி வசந்தியுடையது. அவளோ கந்தசஷ்டி விரதம். "பாறணையோட விரதம் முடியட்டும். அதுவரைக்கும் உந்தப் பன்றியில கை வைக்கமாட்டன்," என்று சொல்லிவிட்டாள். இலக்கம், எழுத்து எல்லாம் அடித்து, பன்றியை மட்டும் விட்டு, பெட்டியில் அடுக்கி வைத்தாள்.

நான் வெளியே போயிருந்த நேரம் ஹலீனா வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஹலீனா ரசிகர்களில் மூத்தவர். ஒரு காலத்தில் அந்தத் தொழிற்சாலையில் அணியின் சட்டைகளைத் தோய்த்தவர். நான் பதறிப்போய் போன் எடுத்து, பன்றி இல்லாத காரணத்தை விளக்கி, மன்னிப்புக் கேட்டேன்.

"பரவாயில்லை. பன்றி இல்லாவிட்டால் இது அடுத்த வருடத்துச் சட்டை," என்றார் ஹலீனா. "கம்பனி ஓடிப்போன வருடம். நாங்கள் கடைசியாக வந்தோம். அதையும் யாராவது நினைவு வைக்க வேண்டும்தானே."

வாங்கிய இடம்

கடைசியாக வந்து கீழ்ப் பிரிவுக்குப் போனவர்கள் எப்படி மறுபடி மேலே வந்தீர்கள், ஜெயித்தா என்று மரெக்கிடம் கேட்டேன். இல்லையாம். வேறோர் ஊர்க் கிளப் காசில்லாமல் படுத்துவிட்டதாம். லீக்கில் அதற்கிருந்த இடத்தைத் தரை ஓட்டுக் கம்பனி விலைக்கு வாங்கித் தந்ததாம். இதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் வெட்கம். ஆறுதலாக இருக்கட்டும் என்று எங்கள் கதையைச் சொன்னேன். லண்டனில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கம் தலைவர் பதவிக்காக இரண்டாக உடைந்தது. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே சின்னம். இரண்டு பகுதிக்கும் சட்டை அடித்தது நான்தான். ஒன்றாய் இருந்தால் பாதி வியாபாரம்தான்.

மரெக் இதை மிகவும் கவனமாகக் கேட்டார். பிறகு கேட்டார்:

"இரண்டில் எந்தச் சங்கத்தில் சாப்பாடு நல்லது?"

பதாகை

போன வசந்தகாலத்தில் டெலிபோன் கம்பனியும் கைகழுவிவிட்டது. ஜூன் முடிவதற்குள் வேறு கம்பனி வராவிட்டால் லீக்கில் இடமில்லை, கிளப்பும் இல்லை. மரெக் வந்தார். அன்றைக்கு உட்காரவில்லை. ரசிகர்கள் வான் வண்டி பிடித்து, போலந்தில் அந்த ஊருக்குப் போய், நகரசபைக்கு முன்னால் நின்று உதவி கேட்கப் போகிறார்களாம். அதற்கு ஒரு பதாகை வேண்டும், அதில் நாலு பெயரும் இருக்க வேண்டும்.

ஓடிப்போன கம்பனிகளுக்கு எதற்கு இலவச விளம்பரம் என்று எனக்கு எரிச்சல். தரை ஓட்டுக் கம்பனியை இதே கடையில் நின்று எத்தனை தடவை திட்டியிருக்கிறார்! அதைச் சொல்லிக்காட்டினேன்.

"திட்டினோம்தான்," என்றார் மரெக். "ஆனால் ஜெயித்த அன்றைக்கெல்லாம் அந்தப் பெயர்களைத்தானே தொண்டை கிழியக் கத்தினோம்."

ஒன்றும் வேண்டாம்

ஜூன் முடிந்தது. ஒரு கம்பனியும் வரவில்லை. கிளப்பைக் கலைத்துவிட்டார்கள். மரெக் கடைக்கு வந்து நிலத்தைப் பார்த்தபடி அதைச் சொன்னார். கூடைப்பந்தில் எத்தனை பேர் விளையாடுவார்கள் என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகஸ்டில் மறுபடி வந்தார், ஹலீனாவையும் கூட்டிக்கொண்டு. ஊர்க்காரர்களே சேர்ந்து புதுக் கிளப் தொடங்கிவிட்டார்களாம். எல்லாவற்றுக்கும் கீழே உள்ள பிரிவில் இடம். பெயர் ஊரின் பெயர் மட்டும்தான். பன்னிரண்டு சட்டை, முதுகில் இலக்கம், நெஞ்சில் ஒன்றும் வேண்டாம்.

அவர்கள் போனதும் வசந்தி சொன்னாள்: "பாவங்கள். வெறும் நெஞ்சோட ஓடப்போகுதுகள். எங்கட கடைப் பெயரை அடிச்சு, சட்டையை நாங்களே சும்மா குடுப்பம்." எனக்கும் ஆசை தொற்றிவிட்டது. போலந்தில் ஒரு ஊர் என் கடையின் பெயரைக் கத்துவதென்றால் சும்மாவா? மாதிரிக்கு ஒன்றை வசந்தி அடித்துத் தர, அடுத்த நாள் அவர்கள் வந்ததும் கவுண்டரில் விரித்தேன். மரெக் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹலீனா சட்டையை எடுத்து, பெயர் உள்ளே போகும்படி பக்குவமாக மடித்து, வசந்தியின் கையில் கொடுத்தார்.

"உங்கள் இரண்டு பேரையும் எங்களுக்குப் பிடிக்கும். அதனால்தான் வேண்டாம் என்கிறோம்," என்றார். "நெஞ்சில் பெயர் போட்ட எல்லோரும் எங்களை விட்டுப் போய்விட்டார்கள்."

இத்தனை வருடம் சட்டையில் பெயர் அடித்தே சாப்பிட்ட நான், கடைக்கு வருகிறவர்களிடம் இப்போது முதலில் எடுத்துக் காட்டுவது, முதல் ஆட்டத்திலேயே படுதோல்வி அடைந்த அந்தப் பன்னிரண்டு வெறும் நெஞ்சுக்காரர்களின் படத்தைத்தான்.